ஜீப் வழியில் நின்றால்

மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று இரண்டு மூன்று முறை இருமிவிட்டு ஓய்ந்துபோகிறது. ஓட்டியவர் இறங்கி முன்மூடியைத் திறக்கிறார். உடன் வந்தவர்கள் சூழ்ந்துகொள்கின்றனர். ஒருவர், கார்புரேட்டரில் அடைப்பு என்கிறார். மற்றொருவர், பாயிண்ட் தேய்ந்துவிட்டது என்கிறார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் திருப்புளியை எடுத்துக் கண்ணில் பட்ட திருகாணியைத் திருகத் தொடங்குகிறார். கால் மணி நேரம் கழிந்தபின் வண்டி புறப்பட்டுவிடுகிறது. திருகியவருக்குப் பாராட்டு. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அதே வண்டி அதே விதமாக மீண்டும் நிற்கிறது.

இவ்வாறு நின்ற வண்டியை ஆராயும் முறை யாது என்பதே இவ்வுரையின் பொருள். நாம் பொறியியல் கற்றவர்கள் அல்லோம், கலைப்பாடம் பயின்றவர்கள். எனினும் இவ்வாராய்ச்சிக்குப் பெரிய கல்வி தேவையில்லை. கண்ணும் மூக்கும் பொறுமையும் போதும். பணியின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்களில் பழைய ஜீப் வைத்திருப்போர் சிலர் உண்டு. அரசு இலாகா கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்தவர்களும், தந்தையார் விட்டுச்சென்ற வண்டியை விற்க மனமின்றி வைத்திருப்பவர்களும் அவர்களுள் அடங்குவர். பெட்ரோல் ஜீப்பைக் கையாண்டு பழகிய மிஸ்திரிகள் வரவரக் குறைந்து வருகின்றனர். ஆகவே உடையவரே ஓரளவு அறிந்திருத்தல் நன்று.

நாம் இங்கே கருதுவது வில்லிஸ் வழிவந்த மகீந்திரா ஜீப்பை. மகீந்திரா நிறுவனம் 1945-இல் தோன்றியது. விரைவில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கும் உரிமையைப் பெற்றது. அமெரிக்காவில் 1953-இல் வெளிவந்த சி.ஜே. 3பி என்னும் உருவம் அங்கே 1968-இல் நின்றுபோயிற்று. நம் நாட்டில் அது அதன் பின்னரும் நெடுங்காலம் வாழ்ந்தது. அதன் முன்மூடி உயர்ந்து நிற்பதற்கு உள்ளேயிருக்கும் எஞ்சினே காரணம். 2,199 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப்பகுதியில் இருக்கின்றன. புகையை வெளியேற்றும் வால்வுகள் கீழே பிளாக்கில் இருக்கின்றன. அதனால் எஞ்சின் உயரமாயிற்று. அதற்கேற்ப மூடியும் உயர்ந்தது. பெட்ரோல் டாங்கியோ ஓட்டுநர் இருக்கையின் அடியில் இருக்கிறது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்; பின்னர் பயன்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், டேராடூனில் வாழும் தமிழ் நண்பர் ஒருவருடன் அவருடைய ஜீப்பில் லான்ஸ்டவுனுக்குப் புறப்பட்டோம். நண்பருடைய தாயார் உடன் வந்தார். எழுபத்தெட்டு வயது, நீரிழிவு நோயாளி, வேளைக்கு உணவும் ஊசியும் தவறலாகாது. மலையடிவாரத்திலுள்ள கோட்துவாரில் டாங்கியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டோம். அங்கிருந்து லான்ஸ்டவுன் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். துகட்டாவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி நின்றது. துகட்டாவிலிருந்து மிஸ்திரி ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் வந்ததும் கேள்வி ஏதும் கேட்கவில்லை. "கச்ரா" என்றார் ஒரே சொல்லில். கச்ரா என்றால் குப்பை. வடநாட்டுப் பட்டறைகளில் கார்புரேட்டர் அடைப்புக்கு அதுவே பெயர். கார்புரேட்டரைக் கழற்றினார், ஊதினார், பெட்ரோலில் கழுவினார், பூட்டினார். வண்டி உடனே கிளம்பிற்று. அவர் கேட்ட தொகையைக் கொடுத்து வணங்கி விடைபெற்றோம்.

பதினைந்து நிமிடங்களில் வண்டி மீண்டும் நின்றது. மிஸ்திரி மீண்டும் வந்தார். இம்முறை பாயிண்டுகளைத் தேய்த்தார்; கலவைத் திருகாணியையும் திருகினார். மீண்டும் கிளம்பிற்று, மீண்டும் நின்றது. மணி ஐந்தாயிற்று. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து உண்ணத் தொடங்கியதைக் கண்டு எங்களுக்கு மனம் துணுக்குற்றது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழுவியதும் வண்டி கிளம்பியது உண்மை. ஆனால் கழுவியதால் கிளம்பிற்றா, அல்லது கழுவுவதற்கு ஆன முக்கால் மணி நேரத்தால் கிளம்பிற்றா? சற்று ஓய்ந்தால் தானே சரியாகிவிடும் கோளாறுகள் பல உண்டு. அத்தகைய கோளாற்றில், கடைசியாக எதைத் தொட்டோமோ அதற்கே புகழ் போய்ச் சேருகிறது. உண்மையான காரணம் மறைந்து நிற்கிறது. ஆதலின் வண்டி நின்ற முதல் சில நிமிடங்களே ஆராய்ச்சிக்கு உரியவை. எஞ்சின் ஆறுவதற்கு முன், எதையும் கழற்றுவதற்கு முன், இரண்டே கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா?

பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பாட்டரியின் மின்சாரம் சாவி வழியே காயிலுக்கு வருகிறது. காயிலினுள் தடித்த கம்பிச் சுருள் ஒன்றும், மயிரிழை போன்ற கம்பியாலான சுருள் ஒன்றும் உள்ளன. தடித்த சுருளில் பாயும் மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்டுகள் வழியே வண்டியின் உடலைச் சேர்கிறது. பாயிண்டுகள் திறக்கும் கணத்தில் இவ்வோட்டம் அறுபடுகிறது. அறுபட்ட அக்கணமே மெல்லிய சுருளில் பதினாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழுந்து, நடு வயர் வழியே ரோட்டாருக்கும், அங்கிருந்து உரிய பிளக்குக்கும் பாய்ந்து பொறியாகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது இது ஒரு விநாடிக்கு நூறு தடவை நிகழ்கிறது. இவ்வளவு வேலையையும் பட்டாணி அளவுள்ள இரு உலோகப் பொட்டுகளும், விரற்கடை நீளமுள்ள கண்டென்சர் ஒன்றும் செய்கின்றன. பாயிண்டுகள் திறக்கும்போது அவற்றிடையே மின்சாரம் தாவி எரிந்துவிடாமல் தடுப்பதும், ஓட்டம் சட்டென்று அறுபடச் செய்வதும் கண்டென்சரின் கடமை.

பொறியைச் சோதிப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நடு வயரைப் பிடுங்கி, அதன் நுனியை எஞ்சினின் இரும்புக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தூரத்தில் பிடித்து, மற்றொருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்ல வேண்டும். கையால் பிடித்தலாகாது, துணி உலர்த்தும் மரக்கவ்வியால் பிடிப்பது நலம். பளிச்சென்ற நீலப் பொறி சடசடவென்று ஓசையுடன் தாவினால், காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் பெரும்பாலும் நலம். மெலிந்து மஞ்சள் நிறமாய் வந்தால் கண்டென்சரையோ பாயிண்டையோ பாட்டரி முனைகளையோ ஐயுறலாம். ஒன்றுமே வராவிட்டால், சிறு விளக்கு ஒன்றை எடுத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனைக்கும் எஞ்சினின் இரும்புக்கும் இடையே பிடிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தால் பாயிண்டுகள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றன. விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்டுகள் சேரவில்லை. எண்ணெயோ கரியோ இடையில் படிந்திருக்கலாம். எரியவே இல்லையென்றால் மின்சாரம் காயில்வரை வரவில்லை, அல்லது பாயிண்டின் வயர் எங்கோ இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது.

இச்சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் சிந்திய எஞ்சினில் பொறியைத் தாவவிடுதல் கொள்ளிக்கட்டையால் தலை சொறிவதற்கு ஒப்பாகும். கசிவைத் துடைத்து, ஆவி கலைந்தபின்னரே சோதிக்க வேண்டும். வேறொரு தீய வழக்கமும் உண்டு. கிளம்பாத வண்டியின் கார்புரேட்டர் வாயில் குப்பியிலிருந்து பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட்டரை இயக்குவது அது. ஊற்றியவருடைய புருவமும் முன்மயிரும் ஒரே கணத்தில் கருகியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். குப்பியைக் கை தானே உதறிவிட்டதால் அம்மட்டோடு போயிற்று.

பாயிண்டுகளின் இடைவெளி, அமெரிக்கக் கையேட்டின்படி ஆட்டோலைட் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 30 பங்கு. ஆனால் நம் நாட்டு ஜீப்புகளில் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு. அதற்கு 14 முதல் 16 பங்கே அளவு. தம் வண்டியில் இருப்பது எது என்று அறியாமல் அளவு வைப்பவர் வீணே அலைவர். பாயிண்டை அசைக்கும் நாரட்டைக் கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது; குறையக் குறையப் பொறி காலம் தாழ்த்தி வருகிறது; வண்டி ஏற்றத்தில் இழுக்காது, சூடும் ஏறும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று கருதி ஜெட்டை மாற்றியவர்கள் பலர். ஆகவே பொறியின் பக்கம் குறையில்லை என்று தெளிந்த பின்னரே கார்புரேட்டரைத் தொடுவது என்பதைக் கடைப்பிடித்தால் பாதிச் செலவு மிச்சம்.

பிளக் வயர்களைக் கழற்றும்போது அடையாளமிடாமல் கழற்றக்கூடாது. இவ்வெஞ்சினில் பொறி செல்லும் வரிசை 1, 3, 4, 2. மாற்றிச் செருகினால் எஞ்சின் குமுறும், வெடிக்கும், நன்றாயிருந்த வண்டி நோயாளியாகும்.

மழைக்காலத்திலும் மலைப்பனியிலும் ஏற்படும் தொல்லை வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் படிந்தாலோ, மயிரிழை போன்ற கீறல் விழுந்தாலோ, மின்சாரம் பிளக்குக்குச் செல்லாமல் அக்கீறல் வழியே ஓடிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும் எஞ்சினைப் பார்த்தால் நீலப் பொறிகள் ஊர்வது தெரியும். ஈரமானால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கீறலானால் மூடியை மாற்ற வேண்டியதுதான். ஓடையைக் கடக்கும்போது விசிறி வாரி இறைக்கும் நீரே டிஸ்ட்ரிபியூட்டரை நனைக்கிறது. முழங்காலளவு நீரில் இறங்குமுன் விசிறியின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கரையேறியபின் மாட்டிக்கொள்ளும் வழக்கம் பழைய ஓட்டுநர்களிடையே இருந்தது.

இனிப் பெட்ரோலின் பக்கம் வருவோம். காற்று வடிகட்டியின் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயினுள் பார்த்தவாறே, எஞ்சின் ஓடாத நிலையில், ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் ஒருமுறை இழுத்தால், மெல்லிய பெட்ரோல் தாரை உள்ளே பீச்சியடிக்க வேண்டும். பீச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று பொருள். பீச்சாவிட்டால் கிண்ணம் வறண்டிருக்கலாம். அப்போது குற்றம் கார்புரேட்டருக்குப் பின்னால், பம்பிலோ குழாயிலோ டாங்கியிலோ இருக்கக்கூடும். பம்பின்மேல் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வண்டியானால் இன்னும் வசதி. அதில் பெட்ரோல் குறைந்திருந்தால் டாங்கியிலிருந்து வரவில்லை. அடியில் நீர்த்துளிகள் உருண்டால் நீர் கலந்திருக்கிறது. செந்நிறத் தூள் படிந்திருந்தால் டாங்கி துருப்பிடித்திருக்கிறது. இவ்வளவும் ஒரு கருவியும் இன்றிக் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

எங்கள் ஜீப்பின் கதைக்குத் திரும்புவோம். மூன்றாம் முறை நின்றபோது, மேலிருந்து இறங்கிவந்த லாரி ஒன்றை எங்களருகே நிறுத்தினார் அதன் ஓட்டுநர். நரைத்த தாடியுடைய சர்தார்ஜி. அவர் முன்மூடியின் அருகே வரவே இல்லை. "நேற்றோ இன்றோ வண்டியில் என்ன மாற்றினீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். ஒன்றும் மாற்றவில்லை என்றோம். மீண்டும் கேட்டார். அப்போதுதான் நண்பருக்கு நினைவு வந்தது: முதல் நாள் பெட்ரோல் டாங்கியின் மூடி தொலைந்துபோய், கடையில் கிடைத்த வேறொரு மூடியை வாங்கிப் பொருத்தியிருந்தார். சர்தார்ஜி கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார், பாதி காலி. இருக்கையைத் தூக்கி மூடியைத் திருகினார். பாம்பு சீறுவதுபோலக் காற்று உள்ளே புகும் ஓசை கேட்டது. வண்டியைக் கிளப்பச் சொன்னார். சற்று நேரம் ஸ்டார்ட்டர் சுழன்றதும் கிளம்பிற்று. முழு ஆராய்ச்சிக்கும் ஆன நேரம் ஐந்து நிமிடம்.

டாங்கியிலிருந்து பெட்ரோல் வெளியேற வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென மூடியில் நுண்துளை ஒன்று அமைத்திருப்பார்கள். புதிய மூடியில் துளை இல்லை. டாங்கியில் வெற்றிடம் தோன்றத் தோன்றப் பம்பினால் இழுக்க இயலவில்லை. விளிம்பு வரை நிரப்பியிருந்ததால் உள்ளே காற்றுக்கு இடமே குறைவு. ஆகவே வெற்றிடம் இன்னும் விரைவில் தோன்றிற்று. நிறுத்தி வைத்தபோது மூடியின் விளிம்பு வழியே காற்று மெல்லக் கசிந்து புகுந்தது, வண்டி தேறியது. மிஸ்திரி கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உண்மையான வைத்தியம் டாங்கியில் நடந்துகொண்டிருந்தது. மூடியைத் தளர்த்திவைத்து, அதன்மேல் துணியைக் கட்டிக்கொண்டு இரவு எட்டு மணிக்கு லான்ஸ்டவுனை அடைந்தோம். அம்மாளுக்கு ஊசியும் உணவும் தாமதமாயினும் கிடைத்தன. துணி கட்டிய டாங்கியுடன் ஓட்டுவது தீ அபாயம் உடையது. வேறு வழியின்றிச் செய்தோமேயன்றி, பிறர் செய்யலாம் என்று சொல்லவில்லை.

ஓடிச் சூடேறியபின் நின்று, ஆறியதும் கிளம்பும் இந்த நோய்க்கு மூடி ஒன்றே காரணமன்று. வேறு இரண்டு காரணங்களும் இதே வேடம் பூண்டு வருகின்றன. முதலாவது, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுதல். கோடையில் ஏற்றத்தில் மெதுவாகச் செல்லும்போது, புகைக்குழாயின் அருகே செல்லும் பெட்ரோல் குழாயும் பம்பும் கொதிக்கின்றன. பம்பு நீர்மத்தை விட்டு ஆவியை இழுத்துத் திணறுகிறது. நீரில் நனைத்த துணியைப் பம்பின்மீதும் குழாயின்மீதும் சுற்றினால் சிறிது நேரத்தில் தெளியும். இரண்டாவது, சூட்டில் தளரும் காயில் அல்லது கண்டென்சர். குளிர்ந்த நிலையில் இவை நன்றாக வேலை செய்து, சூடேறியதும் பொறியைக் கைவிட்டுவிடும். மூன்றையும் பிரித்தறியும் வழி எளிது. நின்றவுடன் பொறியைப் பார்க்க வேண்டும். பொறி இல்லையென்றால் காயிலும் கண்டென்சரும். பொறி இருந்து பெட்ரோல் இல்லையென்றால் மூடியைத் திறக்க வேண்டும். சீறினால் மூடி, சீறாமல் பம்பு தொட முடியாதபடி சுட்டால் ஆவி. ஆறியபின் பார்த்தால் மூன்றும் நலமாகவே காட்சியளிக்கும்.

கார்புரேட்டரே குற்றவாளியாகும் சமயங்களும் உண்டு. மிதவையின் ஊசி வால்வில் தூசு சிக்கினால் பெட்ரோல் பொங்கி வழியும். கரும்புகையும் நாற்றமும் எழும். கிண்ணத்தின் மூடியைத் திருப்புளியின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் சில சமயம் தூசு விலகும். தட்டியும் நிற்காவிட்டால் மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் பித்தளை மிதவையில் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடமே ஓட்டை. பெட்ரோல் மிகுந்து மூச்சுத்திணறிய எஞ்சினைக் கிளப்ப, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்தவாறே ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். மிதித்து மிதித்து விட்டால் மேலும் பெட்ரோல் பாயும். சோக் கம்பி துருவேறிப் பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிடுவதும் இதே அறிகுறிகளைக் காட்டும். இதைப் பார்க்க ஒரு நொடி போதும், எனினும் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

கலவைத் திருகாணியைப் பற்றி நம்மவர்களிடையே பெரிய மயக்கம் இருக்கிறது. நின்றநிலையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் அதற்கு அதிகாரம். விரைந்து ஓடும்போதும் ஏற்றத்தில் இழுக்கும்போதும் பெட்ரோலை அளந்து கொடுப்பது உள்ளேயிருக்கும் பெரிய ஜெட். ஆகவே ஏற்றத்தில் இழுக்காத வண்டிக்கு இத்திருகாணியைத் திருகிப் பயனில்லை. திருகியே தீர வேண்டுமெனில், முதலில் அதை மென்மையாக உள்ளே முழுதும் திருகி, எத்தனை சுற்று என்று எண்ணித் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு மாற்றலாம். முழுதும் மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே என்பது தொடக்கத்துக்கு ஏற்ற நிலை. லான்ஸ்டவுன் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே மிகுதி. காற்று குறையும்போது கலவையில் பெட்ரோலின் விகிதம் கூடுகிறது, பிளக்குகளில் கரி படிகிறது, வலுவும் குறைகிறது. இது நோயன்று, இயற்கை. மேலே சென்று திருகாணியைத் திருகிவிட்டு, அப்படியே சமவெளிக்கு இறங்கினால் அங்கே கலவை மெலிந்து எஞ்சின் தும்மும்.

இக்காலத்தில் புதியதொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு; ஆகவே அதே ஜெட்டில் கலவை சற்றே மெலிகிறது. தூய பெட்ரோலில் ஒரு பங்கு முழுதும் எரிய நிறையளவில் 14.7 பங்கு காற்று தேவை; இக்கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கே போதும். பழைய ஜெட் இதை அறியாது. அதைவிடப் பெரிய தொல்லை ரப்பருக்கு. பழைய காலத்து ரப்பர்க் குழாய்களும் பம்பின் உதரவிதானமும் எத்தனாலில் உப்பும், இளகும், வெடிக்கும். உதரவிதானம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அழிக்கும். எண்ணெய் அளவுக்கோலை எடுத்து முகர்ந்து பார்ப்பதை வாராந்தர வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ எண்ணெய் மட்டம் தானே உயர்ந்திருந்தாலோ வண்டியை ஓட்டலாகாது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களும் உதரவிதானமும் கேட்டு வாங்கி மாற்றுவது நலம். எத்தனால் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். ஈரம் மிகும்போது நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் கார்புரேட்டர்க் கிண்ணத்தை வற்றச் செய்துவிட வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வடநாட்டுப் பட்டறையில் "தேல்" என்றால் பெட்ரோல். எஞ்சின் எண்ணெய்க்கு "மோபில்" என்று பெயர். எண்ணெய் குறைந்திருக்கிறது என்று கூற நினைத்து "தேல் கம் ஹை" என்று நம்மவர் கூறினால், பையன் பெட்ரோல் வாங்க ஓடுவான். பொறிக்குக் "கரண்ட்", ஸ்டார்ட்டருக்கு "செல்ப்", திருப்புளிக்குப் "பேச்கஸ்". ஆனால் சொற்களைவிட முக்கியமானது சொல்லும் வகை. "கார்புரேட்டர் கெட்டுவிட்டது" என்று தீர்ப்பைச் சொன்னால் மிஸ்திரி கார்புரேட்டரைத்தான் கழற்றுவார். "அரை மணி ஓடி நின்றது, கரண்ட் நீலமாக வருகிறது, கிண்ணத்தில் தேல் இல்லை, நேற்று மூடி மாற்றினோம்" என்று கண்டதை மட்டும் சொன்னால் எந்த ஊர் மிஸ்திரியும் நேரே டாங்கிக்குப் போவார். அன்று துகட்டா மிஸ்திரியை நாங்கள் குறை கூறினோம். ஆனால் மூடியைப் பற்றி அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. பாயிண்ட் இடைவெளியை அளக்கும் தகடு, இரண்டு முனையிலும் வயர் சேர்த்த சிறு விளக்கு, ஒரு பிளக், ஒரு ரோட்டார், ஒரு ஜோடி பாயிண்ட், மரக்கவ்வி, பழந்துணி, தண்ணீர், தீயணைக்கும் சிறு உருளை. கண்டென்சர் மட்டும் கடையில் புதிதாக வாங்கியதை அப்படியே பெட்டியில் போட்டு வைத்தலாகாது. இப்போது விற்பவற்றில் சில, வாங்கிய அன்றே சூட்டில் கைவிடுகின்றன. புதியதை வண்டியில் பூட்டி, சூடேறும்வரை ஓட்டிப் பார்த்து, நன்றாயிருந்தால் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பழையதையே மீண்டும் பூட்டிவிட வேண்டும்.